திருட்டு மென்பொருளை ஏன் பயன்படுத்துகிறோம்?



இந்த முறை கொஞ்சம் சங்கடமான தலைப்பு. கிளை வகுப்பில் இதை வாசிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சிலர் சிரித்துக்கொள்வீர்கள். பரவாயில்லை. யாரையும் எழுப்பி நிற்க வைத்துக் குற்றவாளி ஆக்குவது இந்தப் பாடத்தின் வேலை இல்லை.

கடையில் ஒரு பேனாவைக்கூடத் திருடாத பிள்ளைகள் நம்மில் ஏராளம். அதே பிள்ளைகள் ஆயிரக்கணக்கான வெள்ளி விலையுள்ள மென்பொருளைக் கூச்சமே இல்லாமல் எடுத்துக் கணினியில் போட்டுக்கொள்கிறார்கள். ஏன்? அந்த 'ஏன்'தான் இன்றைய பாடம். காரணத்தைப் பார்க்காமல் "திருடாதே" என்று மட்டும் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவோம்.

நான் பொறியியல் படிப்பவன். எங்கள் துறையில் மென்பொருள் இல்லாமல் ஓர் அசைன்மென்ட்கூட நகராது. நண்பர்களிடம் தினமும் காதில் விழும் பேச்சைத்தான் இங்கே வரிசைப்படுத்தி ஆராயப் போகிறேன்.

1. எதைத் திருட்டு என்கிறோம்?

மென்பொருளை வாங்கும்போது அந்தப் பொருளே நமக்குச் சொந்தமாகிவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் நாம் வாங்குவது லைசென்ஸ், அதாவது பயன்படுத்தும் உரிமம். ஒரு கணினிக்கு, ஓர் ஆளுக்கு, ஓராண்டுக்கு என்று அதில் எல்லை போட்டிருப்பார்கள். அந்த எல்லையைத் தாண்டுவதுதான் திருட்டு. அது பல வடிவங்களில் வரும்:

அ) பூட்டை உடைத்த 'கிராக்' பதிப்பை இணையத்திலிருந்தோ நண்பனின் பெண்டிரைவிலிருந்தோ எடுத்துப் போட்டுக்கொள்வது.

ஆ) ஒரே ஒரு லைசென்ஸ் வாங்கி, அலுவலகத்தில் உள்ள பத்துக் கணினிகளிலும் போடுவது.

இ) மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த பதிப்பை வைத்துச் சம்பளத்துக்கு வேலை செய்வது.

ஈ) கணினி விற்பவர் "எல்லாம் போட்டுத் தர்றேன் தம்பி" என்று உரிமம் இல்லாமல் ஏற்றிக் கொடுப்பதை வாங்கிக்கொள்வது.

முதலாவது எல்லாருக்கும் தெரியும். இரண்டாவதும் மூன்றாவதும் திருட்டு என்றே பலருக்குத் தெரியாது. நான்காவதில் வாங்குகிறவருக்கு விஷயமே தெரியாமல் போகலாம்.

நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்ற வகையில் சேர்த்திருக்கிறது. கவிஞர் எழுதிய கவிதைக்கு என்ன பாதுகாப்போ, நீங்கள் எழுதும் கோடிங்குக்கும் அதே பாதுகாப்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2. நாம் சொல்லும் காரணங்கள்

"வாங்க காசு எங்க இருக்கு லா?"

இது பொய்க் காரணம் இல்லை. கணக்குப் போட்டே பார்ப்போம். பொறியாளர்கள் வரைபடத்துக்குப் பயன்படுத்தும் ஆட்டோகேட் மென்பொருளின் ஆண்டுச் சந்தா அமெரிக்காவில் ஏறக்குறைய 2,000 டாலர். அங்கே மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அந்தக் கூலி வாங்குகிற தொழிலாளிகூட ஏழு வாரம் வேலை செய்தால் அந்தப் பணம் வந்துவிடும். அதே 2,000 டாலரை, ஒரு டாலருக்கு 4 வெள்ளி என்று போட்டால், 8,000 வெள்ளி ஆகிறது. நம் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. கிட்டத்தட்ட ஐந்து மாதச் சம்பளம்! பொருள் ஒன்றுதான், ஆனால் அதன் பாரம் ஊருக்கு ஊர் மாறுகிறது. பி.டி.பி.டி.என். கடனில் படிக்கிற பிள்ளை எங்கே போவான்?

ஆனால் விலை மட்டும்தான் காரணம் என்று முடித்துவிடவும் முடியாது. அதே ஆட்டோகேட்டை அதன் நிறுவனம் மாணவர்களுக்கு இலவசமாகவே கொடுக்கிறது. மாணவர் என்று நிரூபித்துப் பதிவு செய்தால் போதும். அப்படி இருந்தும் கிராக் பதிப்பைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே வேறு காரணமும் உண்டு.

"எல்லாரும்தான் செய்றாங்க."

நம் அண்ணன்மார் காலத்தில் பசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்கும் சீடி கிடைத்தது. கோலாலம்பூர் பெட்டாலிங் சாலையில் நடந்தால் காதருகே வந்து விற்றார்கள். குடும்பத்தோடு போய், பேரம் பேசி வாங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். அம்மா அப்பா முன்னிலையில், வெளிச்சத்தில் நடக்கிற ஒரு காரியம் திருட்டு என்று எந்தப் பிள்ளைக்குத் தோன்றும்? 2007இல் திரைப்பட நிறுவனங்களின் சங்கம் லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு கறுப்பு லாப்ரடோர் நாய்களை மலேசியாவுக்குக் கொண்டுவந்தது. வட்டுகளில் உள்ள பாலிகார்பனேட் வாசனையை மோப்பம் பிடிக்கப் பழக்கப்பட்ட நாய்கள். ஜொகூர் பாருவில் லட்சக்கணக்கான திருட்டு வட்டுகள் பிடிபட்டன. இன்று அந்த நாய்களுக்கு வேலை இல்லை. சீனியர் அனுப்புகிற டெலிகிராம் இணைப்புக்கு வாசனை கிடையாது. பழக்கம் மட்டும் அப்படியே அடுத்த தலைமுறைக்கு வந்துவிட்டது.

"லெக்சரரே அதுலதான் கேட்கிறாரு."

இதைப் பெரியவர்கள் கவனிப்பதில்லை. அசைன்மென்ட்டை இந்த மென்பொருளின் கோப்பாகத்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். வேலை விளம்பரத்திலும் அதே பெயர்தான் இருக்கும். ஆனால் மாணவன் அதை எப்படி வாங்குவான் என்று யாரும் கேட்பதில்லை. எல்லாரும் ஒரே மென்பொருளைப் பயன்படுத்துவதால் நாமும் அதையே பயன்படுத்த வேண்டியிருக்கிறது. பொருளாதாரத்தில் இதை வலைப்பின்னல் விளைவு என்பார்கள். இந்த விளைவை மறக்காதீர்கள். கட்டுரையின் மையமே இதுதான்.

"வாங்கறதவிட இதுதான் சுலபம்."

காசு கொடுத்து வாங்கியவன் கடவுச்சொல், கணக்கு, சரிபார்ப்பு என்று அலைவான். கிராக் போட்டவன் பத்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடுவான். கடன் அட்டை இல்லாத மாணவனுக்கு இன்னும் சிரமம். இதற்கு எதிர் உதாரணமும் நம் கண் முன்னால் இருக்கிறது. ஸ்போட்டிஃபை மலேசியாவுக்கு 2013இல் வந்தது. அதற்கு முன்பு பாட்டுக்காக எம்பி3 சீடி வாங்கியவர்கள் நாம். இப்போது யார் வாங்குகிறார்கள்? நாம் திடீரென்று நல்லவர்கள் ஆகிவிடவில்லை. நேர்மையான வழி சுலபமாகவும் கைக்கு எட்டும் விலையிலும் வந்தது, அவ்வளவுதான்.

"அந்தக் கம்பெனிக்கு இதனால ஒண்ணும் கொறஞ்சிடாது."

சைக்கிளைத் திருடினால் உரியவருக்குச் சைக்கிள் இல்லாமல் போகும். மென்பொருளை நகல் எடுத்தால் மூலம் அப்படியே இருக்கிறது. அழுகிற முகம் எதுவும் நமக்குத் தெரிவதில்லை, அதனால் மனசும் உறுத்துவதில்லை. இந்தக் கடைசிக் காரணத்தில்தான் பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. பெரிய கம்பெனிக்கு ஒன்றும் குறையாது என்றால், குறைவது யாருக்கு?

3. ஒரே மனிதர், இரண்டு பேச்சுகள்

1976 பிப்ரவரியில் 20 வயது இளைஞர் ஒருவர் கணினி ஆர்வலர்களுக்குக் கோபமாக ஒரு திறந்த மடல் எழுதினார். அவரும் நண்பர்களும் ஆல்டேர் என்ற சின்னக் கணினிக்காக பேசிக் மொழியின் ஒரு பதிப்பை எழுதியிருந்தார்கள். துளையிட்ட காகித நாடாவில் வந்த அந்த மென்பொருளை ஆர்வலர்கள் நகல் எடுத்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே காசு கொடுத்து வாங்கினார்கள் என்றும், வந்த வருமானத்தைப் பார்த்தால் தங்கள் உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்றும் அவர் எழுதினார். இப்படி இருந்தால் நல்ல மென்பொருளை யார் எழுதுவார் என்பது அவர் கேள்வி. அந்த இளைஞர் பில் கேட்ஸ்.

22 ஆண்டுகள் கழித்து, 1998இல், அதே பில் கேட்ஸ் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் பேசினார். அப்போது அவர் உலகின் பெரிய பணக்காரர். சீனாவில் மென்பொருளுக்கு மக்கள் காசு கொடுப்பதில்லை என்ற பேச்சு வந்தது. அவர் சொன்னதன் சாரம் இது: எப்படியும் திருடப் போகிறார்கள் என்றால் நம்முடையதைத் திருடட்டும். அதற்குப் பழகிப்போவார்கள். அப்புறம் எப்படி வசூலிப்பது என்பதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சின்னவராக இருந்தபோது திருட்டு அவர் வயிற்றில் அடித்தது. பெரியவரானதும் அதே திருட்டு அவருக்கு விளம்பரமாக மாறிவிட்டது. நாம் கிராக் போட்டுப் பழகுகிறோம். தங்கைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். வேலைக்குப் போனதும் "எனக்கு இதுதான் தெரியும்" என்கிறோம். முதலாளி அதற்கு லைசென்ஸ் வாங்குகிறார். நாம் மாணவர்களாக இருந்தபோது கொடுக்காத காசை, நம் பழக்கத்தின் மூலம் கம்பெனி வசூலித்துவிடுகிறது.

விலையைக் குறைக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. 2004இல் மைக்ரோசாஃப்ட் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளுக்கென்று விண்டோஸ் எக்ஸ்.பி. ஸ்டார்ட்டர் என்ற மலிவுப் பதிப்பை அறிவித்தது. ஒரே நேரத்தில் மூன்று செயலிகளுக்கு மேல் திறக்க முடியாது. முழு எக்ஸ்.பி. பசார் மாலாமில் பத்து வெள்ளிக்குக் கிடைக்கிற ஊரில், கையைக் கட்டிப்போட்ட பதிப்பை யார் ஆசையாக வாங்குவார்? ஏழைக்கு மலிவாக ஒன்றைக் கொடுக்கும்போது மரியாதையாகவும் கொடுக்க வேண்டும் என்பதற்கு அது ஒரு பாடம்.

4. அடி விழுவது சின்னவர் மேல்

இப்போது நம் வீட்டுப் பக்கம் வருவோம். கணினியிலும் கைப்பேசியிலும் தமிழில் எழுதுகிறோமே, அந்த வசதி வானத்திலிருந்து விழவில்லை. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1980களிலேயே கணினியில் தமிழ் எழுத 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பின்னர் முரசு அஞ்சல், கைப்பேசிக்குச் செல்லினம் என்று வந்தன. ஆப்பிள் கணினிகளோடு வருகிற 'இணைமதி' தமிழ் எழுத்துருவும் அவர் வடிவமைத்ததே. மலேசியத் தமிழர் ஒருவரின் உழைப்பு உலகம் முழுக்கப் போயிருக்கிறது என்று நாம் பெருமைப்படலாம்.

அவரைப்போல் இன்னொருவர் நம் தலைமுறையில் வர வேண்டுமானால் என்ன வேண்டும்? ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். 100 மில்லியன் பேர் பயன்படுத்தும் ஓர் ஆங்கில மென்பொருளில் பாதிப் பேர் காசு கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மீதி 50 மில்லியன் பேர் கொடுக்கிறார்கள். நிறுவனம் ஆடாது. இப்போது தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக நம் தோழி ஒருத்தி ஒரு மென்பொருள் செய்கிறாள். 2,000 குடும்பங்கள் பயன்படுத்துகின்றன. விலை 50 வெள்ளி. எல்லாரும் கொடுத்தால் 100,000 வெள்ளி வரும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வேறு வேலைக்குப் போகாமல் அதையே மேம்படுத்தலாம். ஆனால் பத்தில் ஒருவர்தான் காசு கொடுத்தார் என்றால்? 10,000 வெள்ளி. மூன்று மாதம்கூடத் தாங்காது. அவள் அதை மூடி வைத்துவிட்டு எங்காவது வேலைக்குப் போய்விடுவாள். அப்புறம் நாம், "தமிழில் நல்ல மென்பொருளே இல்லை" என்று மேடையில் வருத்தப்படுவோம்.

சின்ன மொழிச் சந்தையில் ஒவ்வொரு வாங்குபவரும் ஒரு தூண். பெரிய கட்டடத்தில் ஒரு கல்லை எடுத்தால் தெரியாது. மூன்று தூணில் நிற்கிற கூரையில் ஒன்றை உருவினால் கூரை தலையில் விழும். நாம் கையைப் பழக்குவது பெரிய நிறுவனத்தின் பொருளில். ஆனால் பழகிய கை, பொருள் யாருடையது என்று பார்ப்பதில்லை.

அடி வாங்குகிற இன்னொரு கூட்டம், இலவசமாகவே கொடுக்கிற திறந்த மூல மென்பொருள்களைச் செய்கிறவர்கள். போட்டோஷாப்பைக் கிராக் செய்ய முடியாவிட்டால் காசில்லாத மாணவன் கிம்ப் பக்கம் போயிருப்பான். அதைப் பயன்படுத்தியிருப்பான், குறை சொல்லியிருப்பான், நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பான். அதனால் அது வளர்ந்திருக்கும். திருட்டு நகல் அந்த வாய்ப்பைப் பறித்துவிடுகிறது. ஆகவே "பணக்காரக் கம்பெனியைப் பழிவாங்குகிறேன்" என்று கிராக் போடுகிறவன் உண்மையில் அந்தக் கம்பெனியின் போட்டியாளரைத்தான் ஒழிக்கிறான்.

5. நமக்கு வரும் ஆபத்து

முதலில் சட்டம். கிள்ளானில் நம் பையன் ஒருவன் படித்து முடித்து, சின்னதாக ஒரு வடிவமைப்பு, அச்சுக் கடை திறக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கடையில் ஐந்து கணினி. எல்லாவற்றிலும் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த கிராக். சொந்த, வீட்டுப் பயன்பாட்டுக்கு அல்லாமல் திருட்டு நகலை வைத்திருப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி குற்றம். ஒவ்வொரு நகலுக்கும் 2,000 வெள்ளி முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு கணினிக்கு ஒரு நகல் என்றாலே குறைந்தது 10,000 வெள்ளி ஆகிறது. 'ஓப்ஸ் துலேன்' என்ற பெயரில் உள்நாட்டு வாணிப அமைச்சு வணிக நிறுவனங்களில் சோதனை நடத்தியதும் உண்டு. அப்பா வைப்பு நிதியை எடுத்துக் கொடுத்துத் திறந்த கடை ஒரே நாளில் ஆட்டம் கண்டுவிடும்.

இரண்டாவது பாதுகாப்பு. கிராக் பதிப்போடு ஒரு குறிப்பு வரும்: "முதலில் ஆன்ட்டிவைரஸை அணைத்துவிடு." முகம் தெரியாத ஒருவன் உங்கள் வீட்டுக்கு வந்து, நாயைக் கட்டிப்போடு, கதவைத் திற, நீ வெளியே நில் என்று சொன்னால் செய்வீர்களா? கணினியில் செய்கிறோம். பூட்டை உடைத்தவன் உள்ளே வேறு எதைத் தொட்டான் என்று நமக்குத் தெரியாது. அதோடு, மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து அப்டேட்டையும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். 2017 மே மாதத்தில் வானாகிரை என்ற வைரஸ் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிக் கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அப்டேட் போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். உங்கள் இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரை அப்படிப் பூட்டப்பட்டால் யாரிடம் போய் அழுவீர்கள்?

மூன்றாவது, நம் திறமை. ஒரே பிராண்டின் பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்தவன், அந்தப் பொத்தான் இல்லாத இடத்தில் கைகட்டி நிற்பான். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவர் ஒருவர் இருந்தார். யூனிக்ஸ் போன்ற ஓர் இயங்குதளத்தைத் தன் சொந்தக் கணினியில் ஓட்ட ஆசை. அன்றைய யூனிக்ஸ் மாணவன் கைக்கு எட்டும் விலையில் இல்லை. அவர் தானே ஒன்றை எழுதத் தொடங்கி, எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். அவர் லினஸ் தோர்வால்ட்ஸ். அந்த லினக்ஸ்தான் இன்று நம் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் ஓடுகிறது. கையில் காசில்லாத நிலை அவருக்கும் நமக்கும் ஒன்றுதான்.

6. இது உண்மையிலேயே களவுதானா?

வகுப்பில் கண்டிப்பாக ஒருவர் எழுந்து இதைக் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். திருக்குறளின் 29ஆம் அதிகாரம் கள்ளாமை. பதஞ்சலி சொல்லும் ஐந்து யமங்களில் அஸ்தேயமும் ஒன்று. ஆனால் அந்தக் காலத்தில் களவு என்றால் ஒருவர் பொருள் இன்னொருவர் கைக்குப் போவது. மென்பொருளை நகல் எடுப்பது அந்தக் காலத்தவர் அறியாத விஷயம். அப்படியிருக்க, அது இதற்குப் பொருந்துமா?

மாடு திருடுவதும் மென்பொருள் நகல் எடுப்பதும் ஒன்றே என்று நான் சொல்ல மாட்டேன். அது வாதத்துக்காக மிகைப்படுத்துவது. ஆனால் கள்ளாமை அதிகாரம் கையைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் மனதைக் கேள்வி கேட்கிறது. அடுத்தவர் பொருள் மேல் ஆசை எப்படி வளர்கிறது, அது மனிதனை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் அங்கே பேச்சு. அந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். "எனக்கு எட்டுகிறது, அதனால் எனக்குச் சொந்தம்" என்ற நினைப்பு வந்துவிட்டதா இல்லையா?

நம் இடத்தில் ஒருவரை வைத்துப் பார்க்கலாம். ஒரு தமிழாசிரியை இரவெல்லாம் உட்கார்ந்து எஸ்.பி.எம். தமிழுக்குப் பயிற்சி நூல் எழுதுகிறார். சொந்தக் காசில் அச்சடித்து 15 வெள்ளிக்கு விற்கிறார். யாரோ அதை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடுகிறார். நூல் மாயமாகவில்லை, அவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. விற்காமல் இருக்கிறது. "டீச்சருக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது" என்று நம்மால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? மென்பொருளை எழுதியவரும் அந்த ஆசிரியையும் சட்டத்தின் கண்ணில் ஒரே இனம், இலக்கியப் படைப்பாளி.

சரி, பணக்கார நிறுவனம் வைக்கும் விலை நியாயமில்லையே? சில சமயம் நியாயமில்லைதான், மேலே கணக்கே போட்டோம். ஆனால் விலை நியாயமில்லை என்று நினைத்தால் அந்தப் பொருளை விட்டு விலகுவதுதான் எதிர்ப்பு. சந்தாக்கூட்டம் குறைந்தால்தான் நிறுவனம் யோசிக்கும். திருடிப் பயன்படுத்துகிறவன் விலகவில்லை. அவன் சம்பளம் வாங்காமல் அந்தக் கம்பெனிக்கு விளம்பரம் செய்துகொண்டிருக்கிறான்.

7. நாளையிலிருந்து என்ன செய்யலாம்?

முதல் படி, கேளுங்கள். உங்கள் மாணவர் மின்னஞ்சலுக்கு என்னென்ன இலவசமாகக் கிடைக்கிறது என்று கல்விக்கூடத்தின் கணினிப் பிரிவில் விசாரியுங்கள். பல மென்பொருள்களுக்கு மாணவர் பதிப்பு உண்டு. கேட்காமலேயே கிராக் தேடுகிறவர்கள்தான் அதிகம். படிப்பு முடிந்ததும் அந்த உரிமம் முடிந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

இரண்டாவது, மாற்று வழியைப் பழகுங்கள். வேர்டு, எக்செல் வேலைக்கு லிப்ரே ஆஃபிஸ். படத்துக்குக் கிம்ப், இங்க்ஸ்கேப். முப்பரிமாண அசைவுக்குப் பிளெண்டர். பொறியியல் மாணவர்களுக்கு: மேட்லாப் கட்டளைகளில் பெரும்பாலானவை ஆக்டேவில் ஓடும், மின்சுற்றுப் பலகை வரையக் கீகேட், இயந்திர வரைபடத்துக்கு ஃப்ரீகேட். எல்லாம் விலைக்கு விற்பவை அளவுக்கு மெருகாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். முதல் வாரம் எரிச்சல் வரும். ஆனால் கடை திறக்கும் நாளில் பயப்படாமல் திறக்கலாம்.

மூன்றாவது, கூட்டாகச் செய்யுங்கள். பிளெண்டர் எப்படித் திறந்த மூலம் ஆனது தெரியுமா? அதன் நிறுவனம் மூடப்பட்டபோது, 2002இல், பயன்படுத்துகிறவர்கள் ஒன்றுசேர்ந்து ஏழே வாரத்தில் 100,000 யூரோ திரட்டி அதை மீட்டார்கள். கோயில் திருவிழாவுக்குப் பணம் திரட்டத் தெரிந்த நமக்கு இது புதிதா? ஒரு கிளை உறுப்பினர்கள் மாதம் ஆளுக்கு 2 வெள்ளி போட்டால் போதும். கிளையின் சுவரொட்டி, கணக்கு வேலைகளுக்கு நேர்மையான லைசென்ஸ் வாங்கலாம், அல்லது ஒரு தமிழ்ச் செயலிக்கு நன்கொடை அனுப்பலாம்.

நான்காவது, பேசுங்கள். லெக்சரரிடம் மரியாதையாக, "சார், இதை ஆக்டேவில் செய்து கொடுக்கலாமா?" என்று கேளுங்கள். பாதிப் பேர் சரி என்றுதான் சொல்வார்கள், இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவே.

கலந்துரையாடலுக்கு

1. விலை, பழக்கம், கட்டாயம், சுலபம், "யாருக்கும் நஷ்டமில்லை" என்ற எண்ணம். இந்த ஐந்தில் உங்கள் நண்பர்களிடம் வலுவாக இருப்பது எது? ஏன்?

2. பில் கேட்ஸின் 1976 கருத்து சரியா, 1998 கருத்து சரியா? இரண்டும் சரியாக இருக்க முடியுமா?

3. நம் நாட்டு வருமானத்துக்கு ஏற்ப விலையைக் குறைத்தால் எல்லாரும் வாங்கிவிடுவார்களா? ஸ்போட்டிஃபை உதாரணத்தோடு விவாதியுங்கள்.

4. செயல்முறை: இந்த வாரம் உங்கள் கணினியில் உள்ள மென்பொருள்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் லைசென்ஸ் உண்டா, இல்லையா, மாற்று எது என்று மூன்று கட்டம் போட்டு நிரப்புங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். அடுத்த வகுப்புக்குள் ஒரே ஒரு மென்பொருளையாவது மாற்றிவிட்டு வாருங்கள். மாற்றியதில் என்ன சிரமம் வந்தது என்பதை மட்டும் வகுப்பில் சொல்லுங்கள். அந்தச் சிரமத்தை எல்லாரும் சேர்ந்து தீர்ப்போம்.